பழைய சிறு பாய்ப்படகின் காக்பிட்டில் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது, இருபத்தைந்து அடி நீளத்தில் பழைய ஃபைபர் கிளாஸ் பாய்ப்படகு ஒன்றை வாங்கியவர்கள் முதல் பருவம் முடிவதற்குள் கேட்டுவிடும் கேள்விகள் இவை. 23 அடிப் படகு ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக நான் வைத்திருக்கிறேன். என் கைக்கு வரும்போதே அதற்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கீழே சொல்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் படகில் வேலை செய்து தெரிந்துகொண்டவை. காக்பிட் என்று இங்கே சொல்வது, சுக்கான் பிடிப்பவரும் மற்றவர்களும் கால் இறக்கி உட்காரும் பின்பள்ளத்தை. படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் எழுதியிருக்கிறேன்.

காக்பிட்டுக்குள் தண்ணீரே வராமல் செய்துவிட முடியுமா?

முடியாது. அது திறந்த பள்ளம். மழை விழும், அலை தெறிக்கும், என்றாவது ஒரு நாள் பின்னாலிருந்து ஓர் அலை முழுதாக ஏறி உள்ளே விழும். வந்த தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்றலாம்; அது காக்பிட்டைத் தாண்டிப் படகின் வயிற்றுக்குள் இறங்காமல் தடுக்கலாம். இந்த இரண்டில் பின்னதுதான் உயிர்நாடி. காக்பிட்டில் நிற்கும் தண்ணீர் படகைக் கனமாக்கும், மந்தமாக்கும். ஆனாலும் படகு மிதந்துகொண்டிருக்கும். அதே தண்ணீர் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டி வழியாக உள்ளே இறங்கிவிட்டால், வடிகால் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயன் இல்லை.

பழைய படகு வாங்கியவர்கள் வடிகால் துளையைப் பற்றியே கேட்கிறார்கள். பெட்டி மூடியைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. என்னைக் கேட்டால், மூடியிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும். இருந்தாலும் எல்லோரும் கேட்கும் வரிசையிலேயே போகிறேன்.

அலையும் இல்லை, மழையும் இல்லை. நாலு பேர் ஏறி உட்கார்ந்ததும் காக்பிட் தரையில் தண்ணீர் நிற்கிறது. ஓட்டையா?

பெரும்பாலும் ஓட்டை இல்லை. உங்கள் வடிகால் வழியாகவே கடல் உள்ளே வருகிறது. வடிகுழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே திறக்கும் படகுகளில், குழாய்க்குள் எப்போதும் வெளி நீர்மட்டம் வரை தண்ணீர் நிற்கும். காக்பிட் தரை அந்த மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை கால் நனையாது. சிறு படகுகளில் அந்த இடைவெளி சில சென்டிமீட்டர்தான். நாலு பேர் அமரத்தில் உட்கார்ந்தால் பின்புறம் தாழும். தரை நீர்மட்டத்துக்குக் கீழே போகும். தண்ணீர் மேலே வரும்.

பழைய படகுகளில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம், வருடக்கணக்கில் சேர்ந்த எடை. கனமான புதிய மோட்டார், இரண்டாவது பேட்டரி, பெரிய பெட்ரோல் டேங்க், பெட்டிக்குள் மறந்துபோன சங்கிலி, ஊறிப்போன மரம் என்று எல்லாமே பின்பக்கம்தான் போய்ச் சேர்கின்றன. முதலில் பெட்டிகளைக் காலி செய்து, படகு வெறுமையாக மிதக்கும்போது நீர்மட்டக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். என் படகில் 40 கிலோவுக்கு மேல் சாமான்களை வெளியே எடுத்தேன், பேட்டரியைக் கேபினுக்குள் பாய்மரத்தின் அடிக்கு அருகே நகர்த்தினேன். அதற்குப் பிறகு மூன்று பேர் உட்கார்ந்தும் தரை காய்ந்தே இருந்தது. ஒரு காசு செலவில்லாத வேலை இது. வேறெதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

எடையைக் குறைத்தும் நீர் ஏறினால், தரைக்கு மேல் மரச்சட்டத் தட்டி ஒன்றைப் போடலாம். கால் நனையாமல் இருக்க அது போதும். தரையையே உயர்த்த விரும்பினால், நீர் உறிஞ்சாத மூடிய துளை கொண்ட நுரைப்பலகையை ஒட்டி, அதன் மேல் பிளைவுட் வைத்து, ஃபைபர் கிளாஸ் துணியும் எபாக்ஸியும் போர்த்தி, வடிகால் வாயையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தினால்கூட வித்தியாசம் நன்றாகத் தெரியும். பள்ளத்தின் கொள்ளளவும் அதனால் குறைகிறது; அது தனி லாபம்.

வடிகுழாய்களைக் குறுக்காக மாற்றிப் போடச் சொல்கிறார்கள். அவசியமா?

இடது மூலைத் துளையின் குழாயை வலது பக்க வாய்க்கும், வலது மூலைத் துளையின் குழாயை இடது பக்க வாய்க்கும் கொண்டுபோவதுதான் குறுக்கு இணைப்பு. காற்றில் படகு சாயும்போது சாய்ந்த பக்கத்து வாய் ஆழத்தில் போய்விடும். நேர் இணைப்பாக இருந்தால் அந்தப் பக்கத்து மூலையில் கடல் பொங்கி மேலே வரும். குறுக்காகப் போட்டிருந்தால், சாய்ந்த மூலையின் குழாய் எதிர்ப்பக்கம், அதாவது உயர்ந்த பக்கம், திறக்கிறது. அந்த வாய் நீருக்கு மேலே எழுந்துவிட்டால் கடல் உள்ளே வர வழி இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு "விட்டால்" இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. குழாய் நேராகப் போகிறதா குறுக்கே போகிறதா என்பது தண்ணீருக்குப் பொருட்டில்லை. வெளியே கடல் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த மட்டத்துக்குத்தான் உள்ளேயும் நிற்கும். இரண்டு வாய்களும் படகின் நடுக்கோட்டுக்கு அருகே, ஆழத்தில் இருந்தால், சாய்ந்தாலும் இரண்டுமே நீருக்குள்தான் இருக்கும். அங்கே குறுக்கு இணைப்பு பெரிதாக எதையும் மாற்றாது. வாய்கள் பக்கவாட்டில், நீர்மட்டக் கோட்டை ஒட்டி இருந்தால் நன்றாகப் பயன்படும்.

குறுக்காகப் போட்டால் குழாயின் நீளம் கூடும், சரிவு குறையும். நடுவில் தொய்ந்து தொட்டில் போல் நின்றால் அங்கே மண்ணும் இலையும் தங்கும். தொய்வு விழாதபடி தாங்கு கொடுத்துக் கட்டுங்கள். எஞ்சின் இருக்கும் படகில் குழாய் எஞ்சினில் உரசாமல் பார்க்க வேண்டும். நடுக்கத்தில் உரசி உரசியே குழாய் கிழியும்.

வடிகால் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

உலகப் பாய்ப்படகுக் கூட்டமைப்பான வேர்ல்ட் செய்லிங்கின் ஆழ்கடல் பந்தய விதிகள், 8.5 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு 25 மி.மீ. விட்டமுள்ள தடையற்ற துளைகள் இரண்டுக்குச் சமமான பரப்பைக் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. சல்லடை இருந்தால் அது அடைக்கும் பரப்பைக் கழித்த பிறகு இந்த அளவு தேற வேண்டும். இது குறைந்தபட்சம்தான், இடம் இருந்தால் 38 மி.மீ. போடுங்கள். விட்டம் ஒன்றரை மடங்கு, பரப்போ சுமார் 2.3 மடங்கு. உள்ளே வரும் இலையோ கயிற்றுத் துண்டோ சிக்காமல் போய்விடுவதும் பெரிய துளையில்தான்.

சல்லடை விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. சிறு சிறு துளைகள் போட்ட தட்டையான சல்லடை வேண்டாம். ஒரே ஒரு அகன்ற இலை மேலே படுத்தால் முழு வடிகாலும் அடைந்துவிடும். குறுக்கே இரண்டு கம்பி மட்டும் இருந்தால் போதும். அல்லது குமிழ் போல் மேலெழும்பிய சல்லடை வையுங்கள்.

எவ்வளவு வேகமாக வடிகிறது என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் ஒரு கணக்கு. கால் வைக்கும் பள்ளம் 1.4 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம், 0.4 மீட்டர் ஆழம் என்றால் அதில் 336 லிட்டர் பிடிக்கும். கடல்நீர் என்றால் 340 கிலோவுக்கு மேல். ஐந்து பெரியவர்கள் ஒரே சமயத்தில் அமரத்தில் குதித்தது போன்ற எடை. அந்த எடையோடு அடுத்த அலையை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். அதனால்தான் நிமிடக் கணக்கு முக்கியம்.

அமைதியான நாளில், கட்டியிருக்கும் படகில், துளைகளைத் துணி சுற்றிய கட்டையால் அடைத்துவிட்டு ஹோஸால் நிரப்புங்கள். எடுத்த எடுப்பில் பாதிக்கு மேல் வேண்டாம். பழைய தரை அந்தப் பாரத்தைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம். அடைப்பை எடுத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். என் படகில் 25 மி.மீ. துளைகள் இரண்டு இருந்தபோது முழுப் பள்ளமும் வடிய ஆறரை நிமிடம் ஆனது. 38 ஆக்கிய பிறகு மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. கடைசிப் பகுதிதான் மெதுவாகப் போகும். தண்ணீர் குறையக் குறைய அழுத்தமும் குறைகிறது.

இந்தச் சோதனையில் கடிகாரத்தைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. தண்ணீர் நிற்கும்போது ஒருவர் கேபினுக்குள் போய், டார்ச் விளக்கோடு காக்பிட்டின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். எங்கே சொட்டுகிறது, எந்தப் போல்ட்டில் ஈரம், எந்த மூலையில் ஓடுகிறது என்று அங்கேயே சாக்பீஸால் குறியுங்கள். அந்த வருடம் முழுவதற்குமான வேலைப்பட்டியல் அதிலேயே கிடைத்துவிடும்.

நீர் திரும்பி ஏறாமல் குழாயில் ஒருவழி வால்வு போடலாமா?

குழாய்க்கு நடுவே போடாதீர்கள். முடி, மணல், மீன் செதில் என்று ஏதாவது சிக்கினால் வால்வு திறந்தபடியே நிற்கும், அல்லது மூடியபடியே நிற்கும். மூடியபடி நின்றால் வடிகாலே இல்லாத காக்பிட்தான். வாய் நீர்மட்டத்துக்கு மேலே, பின்பலகையில் (படகின் பின்முனையை மூடும் சுவரில்) இருந்தால், வெளியே தொங்கும் ரப்பர் மடல் நல்ல ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியும், கையால் தூக்கிப் பார்க்கலாம், கெட்டால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம்.

அப்படியானால் பின்பலகை வழியாகவே வடிகால் விடலாமா?

தரை போதிய உயரத்தில் இருந்தால், என் அறிவில் இதைவிட நல்ல மாற்றம் இல்லை. நேரே பின்னால் குட்டையான அகன்ற குழாய் இரண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே ஓட்டை இல்லை, வால்வு இல்லை, நீளமான ஹோஸும் இல்லை. ஆட்கள் ஏறி உட்கார்ந்த நிலையில் நீர்மட்டம் பின்பலகையில் எங்கே வருகிறது என்று முதலில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வாய் அந்தக் கோட்டுக்கு மேலே வர வேண்டும். வெட்டிய விளிம்பில் பிளைவுட்டோ, பால்சா என்ற லேசான மரமோ தெரிந்தால், அதைக் கொஞ்சம் குடைந்தெடுத்துக் கெட்டியான எபாக்ஸியால் நிரப்பாமல் குழாயைப் பொருத்தவே கூடாது. பின்பலகை ஊறிவிட்டால் மோட்டாரும் சுக்கானும் எதைப் பிடித்து நிற்கும்?

வடிகால் வாயைத் திறந்து மூடும் வால்வும் ஹோஸும் பழையவை. கசியவில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

கசிவு தெரிந்த பிறகு மாற்றும் பொருள் அல்ல இது. நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இருக்கும் 38 மி.மீ. வாயில் ஹோஸ் கழன்றுவிட்டால், ஒரு நிமிடத்துக்கு 100 லிட்டருக்குக் குறையாமல் உள்ளே வரும். இரண்டு நிமிடத்தில் கேபின் தரைப்பலகை மிதக்கத் தொடங்கும்.

ஹோஸை அழுத்திப் பாருங்கள். விறைத்திருந்தால், வளைவில் வெடிப்பு இருந்தால், கம்பி உள்ள ஹோஸில் துருக்கறை கசிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். நான் பத்து வருடத்துக்கு மேல் எந்த ஹோஸையும் விட்டுவைப்பதில்லை. தோட்டத்துக்குப் பயன்படுத்தும் மெல்லிய ஹோஸ் இங்கே ஆகாது. படகின் நீரடிப் பொருத்துகளுக்கென்றே விற்கும் வலுவூட்டிய ஹோஸ் வேண்டும். ஒவ்வொரு முனையிலும் 316 ரக எவர்சில்வர் கிளாம்ப் இரண்டு. இரண்டையும் தாங்கும் அளவுக்கு வாயின் கழுத்து நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கிளாம்ப் வெறும் ஹோஸை இறுக்கினால் அது ஹோஸை அறுக்கத்தான் செய்யும். ஹோஸ் ஏற மறுத்தால் முனையைக் கொதிநீரில் கொஞ்ச நேரம் வையுங்கள்.

வால்வைப் பொறுத்தவரை, பழைய படகுகளில் வீட்டுக் குழாய்க்குப் போடும் பித்தளை கேட் வால்வைத் திருகிவைத்திருப்பார்கள். கடல்நீரில் பித்தளையின் துத்தநாகம் அரித்துப் போய்விடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பான, பொரபொரப்பான செம்பு. பார்வைக்கு முழுசாக இருக்கும், தட்டினால் உடையும். என் படகில் இருந்த ஒன்று, கரையில் கைப்பிடியைத் திருகும்போதே கழுத்தோடு கையில் வந்துவிட்டது. அது தண்ணீரில் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. வெண்கலத்திலோ, கண்ணாடி இழை கலந்த நைலானிலோ செய்த பால் வால்வு போடுங்கள். நெம்புகோல் கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள், இல்லாவிட்டால் இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும், அந்தத் துளைக்குப் பொருந்தும் கூம்பு வடிவ மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி எப்போதும் ஈரமாக இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் நான் மூடி என்று சொன்னது இதைத்தான். நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன் கட்டிய சிறு படகுகள் பலவற்றில், இருக்கைப் பெட்டிக்கும் படகின் அடிவயிற்றுக்கும் நடுவே சுவரே கிடையாது. மூடியைத் திறந்தால் நேரே கீழே தெரியும். மூடியும் ஒரு பலகைதான். தாழ்ப்பாள் இல்லை, ரப்பர் இல்லை. பள்ளம் இருக்கை மட்டத்துக்கு நிறையும்போது அந்த மூடி மிதக்கும், படகு சாய்ந்தால் திறந்தே போகும். ஒரே அலை, காக்பிட் வழியாக முழுப் படகையும் நிரப்ப இது போதும்.

தாழ்ப்பாளிலிருந்து தொடங்குங்கள். மூடியைக் கீழ்நோக்கி இழுத்து அமுக்கும் வகையாக இருக்க வேண்டும். வெறும் கொக்கி போதாது. நீளமான மூடிக்கு இரண்டு தாழ்ப்பாள். காற்று கூடும்போது எல்லா மூடிகளையும் பூட்டுவது படகோட்டத்தின் பகுதியாகவே ஆகிவிட வேண்டும்.

பிறகு ரப்பர். மூடிய துளை கொண்ட நியோப்ரீன் அல்லது இபிடிஎம் பட்டை வாங்குங்கள். சோபாவுக்குப் போடும் திறந்த துளை நுரை, தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பட்டை எந்த இடத்தில் படுகிறது என்று பார்க்க, கீழ் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு மூடியை அழுத்தி மூடித் திறங்கள். ரப்பரில் வெள்ளைக் கோடு தொடர்ச்சியாகப் பதிந்திருக்க வேண்டும். எங்கே விட்டுப்போயிருக்கிறதோ அங்கேதான் நீர் நுழைகிறது. பழைய மூடிகள் வளைந்திருக்கும். அந்த இடத்தில் பட்டையைத் தடிமனாக்கலாம், அல்லது விளிம்பை எபாக்ஸி பூசித் தேய்த்துச் சமன் செய்யலாம். என் படகில் ஒரே மூடிக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. போனால் போகட்டும் என்று செய்தேன். அதன் பிறகு அந்தப் பெட்டியில் காயவைத்த துண்டு காய்ந்தபடியே கிடக்கிறது.

ரப்பர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொஞ்சம் கசியும். அதற்காகத்தான் மூடியைச் சுற்றி ஓடும் வாய்க்கால். பல படகுகளில் அது அச்சிலேயே இருக்கும், அதன் மூலையில் பள்ளத்துக்குள் நீர் இறங்கச் சிறு துளையும் இருக்கும். அந்தத் துளையில் அழுக்கு அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். பாதி ஈரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

முடிந்தவர்கள் பெட்டிக்கும் கேபினுக்கும் நடுவே பிளைவுட் தடுப்பு ஒன்றை எபாக்ஸியும் கண்ணாடி இழையும் கொண்டு ஒட்டிவிடுங்கள். மூடியே தோற்றாலும் தண்ணீர் அந்தப் பெட்டியோடு நின்றுவிடும்.

பெட்ரோல் டேங்க் இருக்கும் பெட்டியையும் இப்படி அடைக்கலாமா?

வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். அந்தப் பெட்டி கேபின் பக்கம் முழுதாக அடைந்திருக்க வேண்டும். ஆனால் ஆவி வெளியேறக் காற்றுவழியும், அடியில் படகுக்கு வெளியே திறக்கும் வடிகாலும் கட்டாயம் வேண்டும். நீருக்குப் பயந்து காற்றுத் துளையில் டேப் ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கேபின் வாசல் தாழ்வாக இருக்கிறது. அது பெரிய ஆபத்தா?

வாசற்படி காக்பிட் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கும் படகுகளில், ஆம். பள்ளம் நிறைவதற்கு முன்பே தண்ணீர் கேபினுக்குள் கொட்டும். நல்ல காற்றில் போகும்போது, இருக்கை மட்டம் வரையிலான அடிப்பலகையைச் செருகியே வையுங்கள். நான் அதைத் திருகாணி போட்டு நிரந்தரமாகவே நிறுத்திவிட்டேன். தாண்டி இறங்குவது ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அந்தப் பலகைகள் கழன்று விழாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். 1979 ஆகஸ்டில் பாஸ்ட்நெட் என்ற ஆழ்கடல் பாய்ப்படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. புயலில் 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள், 24 படகுகள் கைவிடப்பட்டன, 5 மூழ்கின. பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தவற்றில் ஒன்று, படகு கவிழ்ந்தபோது வாசல் பலகைகள் வரிப்பள்ளத்திலிருந்து நழுவி விழுந்தது. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் வாசல்களில் பலகையைக் கொஞ்சம் தூக்கினாலே வெளியே வந்துவிடும். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள். ஒவ்வொரு பலகையையும் கயிற்றால் படகோடு கட்டுங்கள்.

தரையை மிதித்தால் மெத்தென்று அமுங்குகிறது. கசிவோடு தொடர்பு உண்டா?

உண்டு. தரையின் இரண்டு ஃபைபர் கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே பால்சாவோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். யாரோ எப்போதோ திருகிய ஆணி, அதைச் சுற்றிக் காய்ந்துபோன சீலன்ட். அதன் வழியே வருடக்கணக்கில் நீர் இறங்கி மரம் உளுத்துப்போயிருக்கும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். கெட்ட பரப்பு உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தால், மேலடுக்கை வெட்டி எடுத்து, மரத்தை மாற்றி, திரும்ப ஒட்டுவதுதான் உண்மையான தீர்வு. சிறு துளைகள் போட்டு எபாக்ஸி ஊற்றுவது ஈரமான மரத்தில் பிடிப்பதில்லை. புதிதாக எதைத் திருகினாலும் துளையைப் பெரிதாகக் குடைந்து, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பிறகு அதற்குள் சரியான அளவில் துளை போடுங்கள்.

எந்த சீலன்ட் நல்லது?

கழற்ற வேண்டியிராத இடத்துக்கும் நீரடி வாய்களுக்கும் பாலியூரிதேன்; கழற்ற நேரும் தளச் சாமான்களுக்குப் பியூட்டைல் டேப் அல்லது பாலிசல்பைடு. பாலிகார்பனேட் ஜன்னலுக்குப் பாலிசல்பைடு ஆகாது, அந்தப் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். குளியலறை சிலிகானைப் படகிலேயே ஏற்றாதீர்கள். அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது.

தெறிக்கும் தண்ணீரைக் குறைக்க வழி உண்டா?

வாசலுக்கு மேல் மடக்கும் துணிக் கூரை, பக்கக் கம்பிகளில் கட்டும் கெட்டித் துணித் தடுப்பு, இரண்டும் உதவும். ஆனால் துணியைவிடக் கை அதிகம் உதவும். பாயை நேரத்தோடு சுருக்குங்கள். அளவுக்கு மீறிச் சாய்ந்து ஓடும் படகு தன் விளிம்பாலேயே தண்ணீரை அள்ளிப் போட்டுக்கொள்கிறது. ஒரு மடிப்பு எடுத்தால் வேகம் அவ்வளவாகக் குறையாது, பல நேரம் கூடவும் செய்யும். எதிர் அலையில், முகட்டில் ஏறும்போது அணியத்தைக் கொஞ்சம் காற்றை நோக்கித் திருப்பி, இறங்கும்போது கொஞ்சம் விலக்கி ஓட்டிப் பழகுங்கள். பின்னாலிருந்து அலை வரும்போது அமரத்தில் கூட்டம் வேண்டாம்; ஒருவரை வாசலருகே வரச் சொல்லுங்கள்.

மோட்டாருக்காகப் பின்பலகையில் வெட்டிய பள்ளமோ, தரையில் கிணறு போன்ற ஓட்டையோ இருந்தால், நடுவே கீறிவிட்ட தடித்த ரப்பர் தகட்டால் அதை மூடலாம். பாதிக்கு மேல் தெறிப்பு நின்றுவிடும்.

ஓடும்போதே நீரை உறிஞ்சும் கருவி இருக்கிறதாமே?

அடிப்பக்கத்தில் திறக்கும் ஆப்பு வடிவ உறிஞ்சி அது. 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்ற டென்மார்க் வீரர் பால் எல்வ்ஸ்ட்ரோமின் பெயரால் அறியப்பட்டது. படகு வேகமாக ஓடும்போது அடியில் அழுத்தம் குறைந்து நீர் உறிஞ்சப்படும். திறந்தநிலைச் சிறு பந்தயப் படகுகளுக்கு மிக நல்லது. வேகம் குறைந்தால் அதே வழியாக நீர் உள்ளே வரும். மூட மறக்கக் கூடாது. கேபினும் கனமும் உள்ள பழைய படகுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பம்ப் எது, எங்கே வைக்க வேண்டும்?

மின் பம்ப் வையுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பேட்டரி தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது. எல்லா மூடிகளும் வாசலும் பூட்டியிருக்கும்போது, சுக்கான் பிடிப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே இயக்கக்கூடிய கை பம்ப் ஒன்று வேண்டும். அதன் வெளிக்குழாயை வடிகால் ஹோஸில் இணைக்கக் கூடாது. பந்தய விதிகளும் அதைத் தடுக்கின்றன. வடிகால் அடைத்தால் நீங்கள் இறைப்பது திரும்பக் காக்பிட்டுக்கே வரும். தனி வாய், நீர்மட்டத்துக்கு நல்ல உயரத்தில். அதோடு, கம்பிக் கைப்பிடி பிடுங்கிக்கொள்ளாத உறுதியான வாளி இரண்டு, கயிறு கட்டி.

படகைக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் போகும்போது வடிகால் வால்வை மூட வேண்டுமா?

மற்ற எல்லா வால்வுகளையும் மூடுங்கள். காக்பிட் வடிகாலை மட்டும் திறந்து வையுங்கள். 50 மி.மீ. மழை பெய்தால் மூன்று சதுர மீட்டர் காக்பிட்டில் 150 லிட்டர் சேரும். தளத்திலிருந்து ஓடிவருவது தனி. அதற்குப் போக்கிடம் இல்லையென்றால் பின்புறம் தாழும். தாழத் தாழ இன்னும் சேரும். கடைசியில் வாசல் வழியாகவோ மூடி வழியாகவோ உள்ளே இறங்கும். திறந்து வைப்பதென்றால் ஹோஸும் கிளாம்பும் சந்தேகத்துக்கு இடமின்றி நல்ல நிலையில் இருக்க வேண்டும். அவற்றை நம்ப முடியாதென்றால் படகை நீரில் விட்டுப் போகக் கூடாது.

ஒருமுறை பத்து நாள் கழித்துத் திரும்பியபோது என் படகின் காக்பிட் இருக்கை வரை நிறைந்திருந்தது. இரண்டு துளைகளிலும் இலை. கேபின் தரைப்பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. கம்பளி, வரைபடங்கள், என் மகள் வைத்துவிட்டுப் போன படப் புத்தகம், எல்லாம் ஊறிப்போயிருந்தன. நான் வடிகாலைத் திறந்துதான் வைத்திருந்தேன். சல்லடைதான் அடைத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் அந்தத் தட்டைச் சல்லடைகளைக் கழற்றிப் போட்டேன்.

இப்போது கிளம்புவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை ஒவ்வொரு மூலையிலும் ஊற்றி, சுழன்று இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே போகிறேன். மெதுவாக இறங்கினால் வெளியே வாயில் கொட்டலசு (படகில் ஒட்டி வளரும், ஓடுள்ள சிறு கடலுயிரி) வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூங்கில் குச்சியால் மேலிருந்தே குத்தி எடுக்கலாம். பிறகு பாயின் அடிக்கட்டைக்கு மேலாகத் தார்ப்பாயைக் கூரை போல் இழுத்து, இரண்டு பக்கமும் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி கட்டுகிறேன். மழை நேரே கடலுக்குப் போய்விடுகிறது. அணியப் பக்கம் தார்ப்பாயைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் காற்றோட்டம் இல்லாமல் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.